கடைசி வாரம் மறந்துபோன தெரு

விளக்கு வைத்து, ஜெபமாலை முடிந்து, தெருக் குழாயடியிலிருந்து கடைசிக் குடமும் நகர்ந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது, யாரோ விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் புரட்டுகிற சத்தம். செலஸ்டியை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டு மறுகையில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தேன், அதனால் அது என் கையிலிருக்கிற தாள்தான் என்று நினைத்தேன், தாளை விரலால் அழுத்திப் பிடித்தேன், சத்தம் நிற்கவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து வந்தது, ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே ஒரு எட்டு வைக்கிற நேரம் விட்டு, மணலில் நடக்கிறவரின் பாதம் மணலில் படாமல் காகிதத்தில் பட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி, சரக், சரக் என்று வந்து, ஒரு வாசலில் நின்று, அடுத்த வாசலில் நின்று, எங்கள் தெருவின் எல்லா வாசலிலும் ஒவ்வொன்றாக நின்றது.

இதை என் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன், இடது கையை நீட்ட வரவில்லை, அதன் வளைவுக்குள் நோட்டீஸ்களை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ரோலண்டின் அக்கா டெல்பின் மைனி டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உலக்கை கொண்டு வந்தவர்களும் கடப்பாரை கொண்டு வந்தவர்களும் ஓய்ந்துபோய்த் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவில் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் ஏன் என் வீட்டுக்கு வெளியே இருக்கிறேன் என்பது முடிவில்தான் வரும். வரிசையாக எழுதினால்தான் எதுவும் விட்டுப்போகாது, எதையும் படித்த மாத்திரத்தில் மறந்துவிடுகிற எனக்கு நடந்ததும் அப்படி மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதி உரக்க வாசித்தால் இத்தனை பேரில் யாருக்காவது மிச்சம் ஞாபகம் வரும் என்கிறாள் மைனி.

எங்கள் தெருவில் ஆண்கள் தங்குகடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள், அவர்கள் திரும்புகிற வரைக்கும் எந்த வீட்டிலும் உள்ளே தாழ் போடுவதில்லை, கதவைச் சாத்தி வைப்பதோடு சரி. தாழ் விழுகிற சத்தம் தண்ணீர் மேலேயே நடந்து படகுவரைக்கும் போகும் என்றும், வீடு தன்னை வேண்டாமென்றுவிட்டது என்று நினைத்துப் படகு திசை மாறிவிடும் என்றும் இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த அன்று, உப்பு ஜாடியைக் காட்டுவதற்கு முன்னால் மைனி என்னைக் கதவுப் பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ப்பாளைக் காட்டி, "இதத் தொட்டுராத ப்ளாரி, தம்பி கரையில இருக்கும்போது மட்டுந்தான்" என்றாள். அவர் கரையில் இருந்த நாட்களிலும் நாங்கள் அதைத் தொடவில்லை, அது துருப்பிடித்துக் கதவோடு கதவாக ஒட்டிப் போயிருந்தது.

ஆண்கள் இல்லாத தெருவில் நாங்கள் படித்தோம். மீன் காய்கிற நேரத்தில் படித்தோம், உலை கொதிக்கிற நேரத்தில் படித்தோம், பிள்ளை பால் குடிக்கிற நேரத்தில் ஒரு கையால் பிடித்துப் படித்தோம், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை என்கிற சந்தோஷத்தில் படித்தோம், படித்து முடித்த அன்றே மறந்தோம். வெயிலில் நடந்து வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிப்பதைப் போல, உள்ளே போனதும் தண்ணீர் தெரியாது, குளிர்ச்சி மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். நான் படித்த கான்வென்ட்டில் நாவல் படிப்பது சனிக்கிழமைதோறும் சொல்ல வேண்டிய பாவங்களில் ஒன்று, என்ன நாவல் என்று சாமியார் கேட்டால் மறந்துவிட்டது ஃபாதர் என்பேன், அது பொய்யில்லை. ஆனாலும் பாடப் பரீட்சையில், முடிவில் என்ன நடந்தது என்கிற கடைசிக் கேள்விக்கு நான் மதிப்பெண் இழந்ததே இல்லை. ஞாபகம் இல்லாவிட்டால் நல்ல கையெழுத்தில் ஒரு நல்ல முடிவை நானே எழுதிவிடுவேன், சிஸ்டர்களுக்கு நல்ல முடிவுகளைப் பிடிக்கும்.

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தூண்டில் நரம்பால் தைத்துப் புத்தகமாக்குவது டெல்பின் மைனியின் வேலை. அவள் தைத்தது வீடு வீடாகப் போகும். ஆனால் கடைசி வாரத்தை மட்டும் அவள் சேர்த்துத் தைக்க மாட்டாள், முடிவை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களை அவளுக்கு ஆகாது. முழுசாகப் படித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவளை அடுக்களைக்குக் கூப்பிட்டு, அரிசிப் பானைக்குள்ளிருந்து கடைசி வாரத்தை எடுத்துக் கொடுப்பாள், நின்றபடியே படித்துவிட்டு, அழுவதென்றால் அங்கேயே அழுதுவிட்டு, தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்தத் தெருவின் எல்லா முடிவுகளும் அந்த அடுக்களையில் நின்றபடி படிக்கப்பட்டவை.

அந்தச் சத்தம் வந்த மறுநாள் காலையில், நாங்கள் படித்து மறந்தவர்கள் எங்கள் வாசல்களில் நின்றார்கள்.

ஐஸ் கம்பெனிக்கு எதிர்வீட்டு கிளாடிஸ் அக்காவின் வாசலில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு டாக்டர் நின்றார், குழாயடியில் ஒரு துப்பறிகிறவர் நின்றார், சிலுவை நிற்கிற குருசடிப் பக்கம் ஒரு நீதிபதி நின்றார், அலைத்தடுப்புக் கல்லின் மேல் ஒரு காதல் ஜோடி நின்றது. எல்லாரும் அச்சடித்த மாதிரியே பேசினார்கள். "தாய்மார்களே, எனக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று தயவுசெய்து கூறுங்கள்" என்று டாக்டர் கேட்டபோது, கிளாடிஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எக்கா, மேடையில ஏறுன மாரில்லா பேசுதாரு" என்றாள். யார் மிகவும் விரும்பிப் படித்துவிட்டு மறந்தார்களோ அவர்கள் வீட்டுக்குத்தான் ஒவ்வொருவரும் வந்தார்கள் என்பது மத்தியானத்துக்குள் விளங்கிவிட்டது. துப்பறிகிறவர் தேடி வந்தது எங்கள் பங்குச் சாமியாரின் சமையல்காரம்மாவை என்று தெரிந்து தெருவே சிரித்தது. ஃபாதருக்கும் ஒருவர் வந்தார், தலையைச் சுற்றி ஒளியோடு ஒரு புனிதர், எந்தப் புனிதர் என்று ஃபாதருக்கே ஞாபகம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அவர் கோயில் கூட்டுகிற வேலையைப் புனிதருக்குக் கொடுத்தார், ஞாயிறு பிரசங்கத்தில், அந்நியரை வரவேற்பது நம் கடமை, கஞ்சி கொடுங்கள், ஆனால் கோயில் வரி கேட்காதீர்கள் என்றார்.

பழகிவிட்டது. துப்பறிகிறவர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் திருடுவது யாரென்று கண்டுபிடித்தார், அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும், அவர் மனம் நோகக் கூடாதென்று ஆச்சரியப்பட்டோம். நீதிபதி குழாயடிச் சண்டைகளை இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்பார், தொண்டையைச் செருமுவார், தீர்ப்பு மட்டும் வராது, அதற்குள் இரண்டு பேரும் சமாதானமாகித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஜோடிக்குக் கடைசியில் கல்யாணம் ஆனதா என்று யாருக்கும் தெரியாததால், அவர்கள் ஒரே கல்லில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று ஃபாதர் கோயிலில் அவர்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்.

முடிவு ஞாபகம் வந்தால் அவர்கள் போய்விடுவார்கள். மழை தூறிய ஒரு சாயங்காலம் கிளாடிஸ் அக்கா கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் நின்றபோது, அவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, "நீரு சிங்கப்பூருக்குக் கப்பலேறிட்டீரு, அந்தப் புள்ளயக் கட்டல" என்றாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்து, நன்றி அம்மா என்று கும்பிட்டு, படி இறங்குவதற்குள் இல்லாமல் போனார், தாள் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது, குடை படியில் விழுந்து கிடந்தது. அடுத்து அவள் வீட்டுக்கு வந்தவன் ஒரு திருடன். ஞாபகம் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை, "நீ திருந்திட்டலே, நல்ல பிள்ளையாட்டு தையல் கடை வெச்சிட்ட" என்று வாயில் வந்ததைச் சொன்னாள், அவனும் கும்பிட்டுவிட்டுப் போனான். சொந்த முடிவும் செல்லும் என்று தெரு முழுக்கச் சந்தோஷம். விடிந்து பார்த்தால் கிளாடிஸ் அக்கா வீட்டுப் பித்தளைப் பானைகள் ஒன்றையும் காணோம். அதற்கும் சிரித்தோம். சிரித்ததைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எனக்கு வந்தவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். சேலையின் அடி நனைந்திருந்தது, எத்தனை வெயிலிலும் காயவில்லை. இரண்டு கையையும் பிள்ளையை ஏந்துகிற மாதிரி வளைத்து வைத்திருந்தாள், கைக்குள் ஒன்றுமில்லை. முதல் நாள் குழாயடியில் நின்று என் வீட்டைப் பார்த்தாள், மறுநாள் படியில் நின்றாள், அதற்கும் மறுநாள் நான் அடுக்களையிலிருந்து வருகிறேன், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வளைந்த கை இரண்டையும் தொட்டிலுக்குக் கீழே கொண்டுபோய் விழுகிற எதையோ தாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு. செலஸ்டி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். பல் முளைக்கிற நேரம், எவர் தூக்கினாலும் அலறுகிற பிள்ளை, அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் கூற வேண்டும்" என்றாள். "வாசித்தவர் நீங்கள்தானே."

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவளுடைய தொடர்கதையை மைனியின் அடுக்களையில் நின்று முடித்தது ஞாபகம் இருந்தது, கடைசி வாரத்தைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதது ஞாபகம் இருந்தது, அப்போது செலஸ்டி வயிற்றில் இருந்தாள், வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு விடிய விடியத் தூங்காமல் இருந்தது ஞாபகம் இருந்தது. எதற்கு என்று மட்டும் தெரியவில்லை. பயந்தது ஞாபகம் இருக்கிறது, எதைப் பார்த்துப் பயந்தேன் என்பது போய்விட்டது.

மைனியிடம் ஓடினேன். "மைனி, அந்தக் கடைசி வாரத்த எடுங்க."

மைனி அரிசிப் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அது இல்லட்டி."

"இல்லன்னா?"

"போன மழையில அடுப்பு பத்தல. எல்லாரும் படிச்சாச்சேன்னு..." என்று இழுத்தாள். "நீயே சொல்லு, படிச்சத ஆரு திரும்பப் படிக்கா?"

அன்று சாயங்காலமே மைனி தெருவைக் கூட்டினாள். எல்லாரும் அந்தக் கதையைப் படித்திருந்தார்கள், எல்லாரும் அதே அடுக்களையில் அழுதிருந்தார்கள். பிள்ளை காய்ச்சலில் செத்துப் போச்சு என்றாள் ஒருத்தி, பிள்ளை சாகவே இல்லை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தது என்றாள் இன்னொருத்தி, பிள்ளையே கிடையாது, அவளுக்குப் புத்தி சரியில்லை என்றாள் சமையல்காரம்மா. "கதவு ஒண்ணு வரும், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு கதவு வரும்" என்றாள் கிளாடிஸ் அக்கா. "எந்தக் கதையிலதான் கதவு வராது, நீ சும்மா கெட" என்று அவளை அடக்கினார்கள். நானும் அடக்கினேன்.

அந்த இரவு கண் விழித்தபோது தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் செலஸ்டியை ஏந்தியபடி கடலைப் பார்த்து நின்றாள், அந்தக் கைகளின் வளைவுக்குள் என் பிள்ளை அளவெடுத்துத் தைத்த மாதிரி அடங்கியிருந்தாள். பிடுங்கினேன், எதிர்க்காமல் கொடுத்துவிட்டாள். "இதற்குப் பிறகு நான் எங்கே போனேன்?" என்று கேட்டாள். திருடியவளுடைய கேள்வி இல்லை அது, வழி தவறிய பெண் பஸ் ஸ்டாண்டில் கேட்பதைப் போலக் கேட்டாள்.

மறுநாள் மைனி வீட்டில் படுத்தேன், அங்கும் வந்தாள். கிளாடிஸ் அக்கா வீட்டில் படுத்தேன், அங்கும் வந்தாள். எந்த வீட்டிலும் தாழ் போட்டிருக்கவில்லை. அவள் பிள்ளையோடு நிற்கிற இடம் ஒவ்வொரு இரவும் கடலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது, நேற்று அலை அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. செலஸ்டியைத் தூக்கிக்கொண்டு, நனைந்த உடுப்போடு மைனி முன்னால் போய் நின்றேன்.

"நான் தாழ் போடப் போறேன் மைனி."

மைனி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி கடல்ல கெடக்கான் ப்ளாரி."

"என் பிள்ளையும் கடல்லதான் நின்னா மைனி, இப்பம்."

"உனக்கு அவன் வேண்டாமா?"

மைனி என் கையை விட்டுவிட்டு முந்தானையால் செலஸ்டியின் தலையைத் துடைத்தாள். அப்புறம் மைனிதான் சொன்னாள்: "கான்வென்ட்ல படிச்சவதானட்டி நீ. ஒரு முடிவு எழுது. தாயும் பிள்ளையும் சேந்த மாரி ஒண்ணு எழுது. திருடன் போவலையா? இவளும் போயிருவா."

எழுதினேன். எனக்கு அது எளிது. தொலைந்த பிள்ளையை ஒரு நல்ல பெண் கண்டெடுத்து, தேடிக்கொண்டு வந்து, தாயின் வீட்டு வாசலில் வைத்துக் கொடுக்கிறாள், தாய் வாங்கிக்கொள்கிறாள், சுபம். சொன்னால் மட்டும் போதாது, அவள் நம்ப வேண்டும், அதனால் நடித்தே காட்டிவிடுவோம் என்று தெருவே முடிவு செய்தது. அவள் வீட்டுக்குள்ளே நிற்பாள், நான் பிள்ளையைக் கொண்டு வருகிறவளாகத் தெருவிலிருந்து வருவேன், அவள் வளைத்த கையில் ஒரு நிமிஷம் பிள்ளையை வைப்பேன், முடிவைச் சொல்வேன், அவள் கும்பிட்டு இல்லாமல் போவாள், டாக்டரின் குடை படியில் மிஞ்சியது போலப் பிள்ளை மிஞ்சும். பிள்ளை விழுந்துவிடாமல் ஏந்துவதற்கு மைனி முந்தானையை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பாள். எவ்வளவு யோசித்திருக்கிறோம் பாருங்கள், பிள்ளை கீழே விழக் கூடாது என்பதுவரை யோசித்தோம்.

"நல்ல சேலையாட்டுக் கெட்டிக்க. சுபம்னா சும்மாவா" என்றாள் கிளாடிஸ் அக்கா. செலஸ்டியின் ஞானஸ்நானத்துக்கு ரோலண்ட் எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டேன்.

இன்று விளக்கு வைக்கிற நேரம். தெருவே என் வாசலில் கூடியிருந்தது, குழாயடியில் யாரோ குடத்தைத் தட்டிவிட்டு ஓடி வந்ததில் தண்ணீர் படிவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, நீதிபதியும் துப்பறிகிறவரும்கூட ஓரமாக வந்து நின்றார்கள். அவள் வாசற்படிக்கு உள்ளே நின்றாள். நான் தண்ணீரில் நடந்து போய்ப் படியேறி, செலஸ்டியின் நெற்றியில் சிலுவை போட்டு, அவள் கையில் வைத்தேன். கான்வென்ட்டில் மேடையேறிப் பேசுகிற குரலில், "இதோ உங்கள் குழந்தை. நீங்கள் அதைப் பெற்றுக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அழவே இல்லை" என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கும்பிடவில்லை. கையில் பிள்ளை இருந்தது, எப்படிக் கும்பிடுவாள்.

"நினைவு வந்துவிட்டது" என்றாள்.

மைனி முந்தானையை நீட்டினாள். அவள் இல்லாமல் போகவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிள்ளையை வைத்துவிட்டு எடுக்க வேண்டிய என் கைகள் வைத்தபடியே வளைந்து நிற்பதைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், பச்சைச் சேலையை, தெருத் தண்ணீரில் நனைந்திருந்த அதன் அடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல், மூத்தவள் இளையவளுக்குச் சொல்வதைப் போல மெதுவாக, "கையை அப்படியே வைத்திருங்கள். பழகிவிடும்" என்றாள்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. கடைசி வாரம் முழுக்க, ஒரு எழுத்து விடாமல், மைனியின் அடுக்களை வாசனையோடு ஞாபகம் வந்தது, அந்தக் கதையில் பிள்ளை சாகவில்லை, தொலையவும் இல்லை, பிள்ளையைத் தேடி அலைகிற ஒருத்தி ஊருக்குள் வந்தாள், அவள்மேல் பயந்தும் இரங்கியும் ஒரு தாய் தன் பிள்ளையை அவள் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தாள், அந்த ஒரு நிமிஷத்தில் வந்தவள் தாயானாள், தாயாக இருந்தவள் நனைந்த பச்சைச் சேலையோடு, கை வளைந்தபடி, தன் வீட்டு வாசலிலேயே வெளியே நின்றாள், இத்தனை நாளும் என் தொட்டிலுக்குக் கீழே கையை ஏந்தி வைத்திருந்தவள் அப்படி வெளியே நின்றவள்தான், அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டியிருந்தது, அதன் கதவை நாங்கள்தான் திறந்து வைத்திருந்தோம், ஒரு கதவு வரும் என்று கிளாடிஸ் அக்கா சொன்னாளே, அந்தக் கதவு என் கண் முன்னால் மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது, நான் பாய்ந்தேன், மைனி பாய்ந்தாள், செலஸ்டி அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், என் விரல்கள் கதவைத் தொட்டபோது இடுக்கு மூடிவிட்டது, எங்கள் தெரு ஒருநாளும் கேட்கத் துணியாத அந்தச் சத்தம், படகுகள்வரைக்கும் தண்ணீர் மேலே நடந்து போகிற அந்தச் சத்தம் கேட்டது, துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்த தாழ்ப்பாள் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு போய், உள்ளேயிருந்து, விழுந்தது.